கஞ்சி மட்டும்தான் என்று மொழிபெயர்த்தவன்

எங்கள் மருந்து ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் பயந்து வியர்த்த நாட்களில்தான். அப்படி ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். படித்துச் சிரியுங்கள், தப்பில்லை. என் மனைவி இன்றுவரை சிரிக்கிறாள்.

நம் வேலையை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். நான் எலிகளோடு வேலை பார்ப்பதாகவே என் மச்சான் நினைத்துக்கொண்டிருந்தார். "எலியெல்லாம் முடிஞ்சிடுச்சு மச்சான், எங்ககிட்ட வரப்ப புது மருந்த மனுசனுக்கு முதல் தடவையா கொடுக்கறோம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு என் வீட்டில் காபி குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ரத்தப் புற்றுக்கு வரும் புது மருந்தை முதல் கட்டத்தில் எப்படிக் கொடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கதைக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்கு ஓர் அளவு. மூன்று பேரும் தாங்கினால் அடுத்த மூவருக்குக் கொஞ்சம் கூட. ஒருவருக்குக் கடுமையான கோளாறு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துப் பார்ப்போம். அந்த ஆறு பேருக்குள் இரண்டாவது ஆளுக்கும் கோளாறு வந்துவிட்டால் அந்த அளவுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

சரோஜா அக்காதான் அந்த இரண்டாவது ஆள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பத்தாங் பெர்ஜுந்தை ஊருக்கு உள்ளே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டி. இரண்டு வகை மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மூன்றாவதாக இருந்தது எங்களுடைய மாத்திரை ஒன்றுதான். அதற்கப்புறம் அவருக்கென்று அலமாரியில் வேறு எதுவும் இல்லை. எதையும் மறைக்காமல் டாக்டர் இதைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "சரி, குடுங்க. சும்மா கெடந்து சாவறதுக்கு ஏதாவது வேல செஞ்சிட்டே சாவலாம்லா" என்றார்.

இந்த மொழிபெயர்ப்பு வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, தானாக ஒட்டிக்கொண்டது. எங்கள் டாக்டர் ஈப்போவில் பிறந்த சீனப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அக்காவுக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் வரும். உடம்பு விஷயம் என்றால் தமிழ்தான் வரும். ஆகவே நடுவில் நான். கூடவே அக்காவின் தோட்டம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். சனிக்கிழமைகளில் எட்டிப் பார்த்து, புட்டியில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணிவிட்டு வருவேன். பார்க்க எவ்வளவு நல்லவனாக இருக்கிறேன், இல்லையா? அங்கேதான் வினை.

முதல் நாள் சாப்பிடக் கூடாதவை என்று ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டவேண்டும். கிரேப்ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ், நட்சத்திரப் பழம், "இவற்றைச் சார்ந்த பிற கனிகள்". நம் குடலிலும் ஈரலிலும் மருந்தைக் கரைத்து வெளியேற்ற ஒரு வேலையாள் உண்டு. இந்தக் கனிகள் அவனைத் தூங்க வைத்துவிடும். மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் நான் விளக்கவேண்டும்.

"இதெல்லாம் யாரு தம்பி சாப்புடுறா?" என்றார் அக்கா.

"பெரிய ஹோட்டல்ல வெள்ளக்காரன் காலைல சாப்புடுவான்க்கா. நமக்கு எதுக்கு?"

இருவரும் சிரித்தோம். அக்கா கையெழுத்துப் போட்டார். "விளக்கப்பட்டது" என்ற கட்டத்தில் நான் ஒரு டிக் போட்டேன். என் வாழ்க்கையில் போட்ட டிக்குகளில் அதைவிட அழகான டிக் கிடையாது. இன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

இரண்டாவது வாரம் அக்காவுக்குக் குமட்டல். வாயெல்லாம் கசப்பு, சோறு இறங்கவில்லை. "இரும்ப நக்குன மாதிரி இருக்கு தம்பி" என்றார். டாக்டர் குமட்டலுக்கு மருந்து கொடுத்தார். அது பாதி கேட்டது. அந்தச் சனிக்கிழமை நான் அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது ரத்தத்தில் இருக்கிறது, எந்த ஊசியாலும் எடுக்க முடியாது. ஆரஞ்சு வாங்கிப் போகலாமா என்று யோசித்தேன். ஆரஞ்சு பட்டியலில் இருக்கிறதே! அப்படி ஒரு எச்சரிக்கையான ஆள் நான். ஆகவே ஆரஞ்சை விட்டுவிட்டு, அடுப்படியில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.

ராசா என்ற ஊரில் என் மாமனார் வீட்டுப் பின்புறம் ஒரு நார்த்தை மரம் இருக்கிறது. என் மனைவி காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்துப் பாட்டிலில் போடுவாள். வாய்க் கசப்புக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"கஞ்சிக்கு ரெண்டு துண்டு தொட்டுக்குங்கக்கா. நாக்கு முழிச்சிக்கும்."

முழித்துக்கொண்டது. அக்கா மறுநாளே போன் செய்தார், ரெண்டு கிண்ணம் கஞ்சி இறங்கியதென்று. நான் அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் இன்னும் நல்ல செய்தி. கழுத்துக் கட்டி கரைய ஆரம்பித்திருந்தது. அக்கா ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். பல மாதங்களாகக் கழுத்தைத் திருப்ப முடியாமல், முச்சந்தியில் நின்று வண்டியையே திருப்பிப் பின்னால் பார்ப்பாராம். இப்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன் என்றார். கீழ் அளவுகளில் மருந்து எடுத்த யாருக்கும் கட்டி அசையவே இல்லை. ஆகவே இது எங்களுக்கும் பெரிய சந்தோஷம்.

அதற்கு நாலாம் நாள், வழக்கமான பரிசோதனையில், இதய வரைபடத்தைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரம் நீண்டிருந்தது. இன்னும் நீண்டால் இதயம் தாறுமாறாகத் துடித்து, நின்றுகூடப் போகலாம். அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாதானே இருக்கேன்?" என்றார். உடனே மாத்திரையை நிறுத்தி, வார்டில் படுக்க வைத்து, மார்பில் ஒயர் ஒட்டினோம். ரத்தத்தை அவசரமாக அனுப்பினோம். இரண்டு நாளில் முடிவு வந்தது. அதே அளவில் இருந்த மற்றவர்களைவிட அக்காவின் ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்குக்கும் மேலே.

என் முதல் எண்ணம்: மாத்திரையை நான்தான் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அறைக்குள் போய்ப் புட்டியைக் கொட்டி எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். சரி. நாலாவது தடவை ஒன்று குறைந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அது என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது. ஜெராம் கடற்கரையில் மீன் பொரித்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஆனால் எனக்குப் பொரிக்கவும் தெரியாது, மீன் வாடையும் ஆகாது.

அன்று மதியம் மூன்று மணிக்கு மருந்துக் கம்பெனியோடும் மற்ற ஆஸ்பத்திரி டாக்டர்களோடும் போன் வழியாகக் கூட்டம். வேறொரு ஊரில் அதே அளவில் ஒருவருக்கு ஏற்கனவே இதயக் கோளாறு வந்திருந்தது. அக்காவுக்கு வந்ததும் மருந்தால்தான் என்று எழுதினால் கணக்கு இரண்டாகிவிடும். அந்த அளவு மூடப்படும். அக்கா வெளியே. கழுத்தைத் திருப்பிப் பார்த்ததெல்லாம் பழைய கதையாகிவிடும்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர் கடைசியாக ஒருமுறை அக்காவிடம் போனார். பக்கத்தில் மொழிபெயர்க்க நான்.

"வேறு மருந்து ஏதாவது? நாட்டு மருந்து? மூலிகை?"

"இல்ல," என்றார் அக்கா.

"சாப்பாட்டில் புதிதாக ஏதாவது? புளிப்பான பழம், காய், அச்சார், எதுவாக இருந்தாலும்?"

நான் தமிழாக்க ஆரம்பித்தேன். "அக்கா, சாப்பாட்டுல புதுசா ஏதாவது? புளிப்பா பழமோ, காயோ, ஊறு..."

ஊறுகாய் என்ற சொல் பாதி வெளியே வந்தபிறகுதான் எனக்குள் மணி அடித்தது. மீதிப் பாதியை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிற கனிகள், சார்ந்த பிற கனிகள், ராசாவில் மாமனார் வீட்டு மரம், உப்பு, வெயில், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் ஓடியது.

அக்கா என்னைப் பார்த்தார். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கணம் பார்த்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, தெளிவாகச் சொன்னார்.

"ஒன்னும் இல்ல டாக்டர். கஞ்சி மட்டும்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"கஞ்சி மட்டும்தானாம், டாக்டர்."

ஒரு சொல் பிசகாத மொழிபெயர்ப்பு.

மணி பன்னிரண்டரை. நான் நேரே போய்க் கழிவறையில் பூட்டிக்கொண்டேன். சிந்திப்பதற்கு. சொல்லாமல் இருக்க என்னிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. ஒன்று, ஊறுகாய்தான் காரணம் என்று என்ன நிச்சயம்? இரண்டு, சொன்னால் விதியை மீறினார் என்று அக்காவையே வெளியே அனுப்பிவிடலாம், ஆகவே அவர் நன்மைக்காகவே நான் மௌனமாக இருக்கிறேன். மூன்று, ஓய்வுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வரிசையில் மூன்றாவதாக நின்றாலும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். மற்ற இரண்டையும் அதற்கு வேட்டி கட்டிவிட யோசித்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"என்னாங்க, சாப்ட்டீங்களா?"

"அந்த நார்த்தங்காய்ல என்னா போட்ட நீ?"

"உப்பு. வெயில்ல வச்சேன். ஏன், அவங்களுக்குப் புடிக்கலயா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு. மருந்துக்கும் புடிச்சிருக்கு. ஒடம்ப விட்டுப் போவமாட்டேங்குது." எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"எங்க நின்னு?"

"டாய்லெட்ல."

"மொதல்ல வெளிய வாங்க. அந்தம்மா எதுக்குப் பொய் சொன்னாங்கன்னு தெரியுதா ஒங்களுக்கு?"

தெரியும். அதனால்தான் கழிவறை.

டாக்டரின் அறைக்குள் போனேன். அவர் கத்தமாட்டார். கத்துகிற ஆளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நாமும் கொஞ்சம் கத்தலாம்.

"டாக்டர், அக்கா அச்சார் சாப்பிட்டிருக்கிறார். பட்டியலில் இருக்கும் கசப்பு ஆரஞ்சுக்குச் சொந்தக்காரப் பழம்."

பேனாவை எடுத்தார். "எவ்வளவு?"

"தினமும் இரண்டு துண்டு. குறைந்தது."

"எத்தனை நாள்?"

"பன்னிரண்டு."

"யார் கொடுத்தது?"

"நான்."

பேனா நின்றது. "ஆனால் நீங்கள்தானே அரை மணிக்கு முன்னால் கஞ்சி மட்டும்தான் என்று மொழிபெயர்த்தீர்கள்?"

"அவர் சொன்னதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், டாக்டர்."

"அதுதான் பிரச்சினை," என்றார். பிறகு, "மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். எழுத வேண்டும்." எழுதி முடித்ததும், "மூன்று மணிக்கு நீங்களும் உள்ளே வாருங்கள். கேள்வி கேட்பார்கள்" என்றார்.

கேட்டார்கள். நாலு நாட்டுக் குரல்கள். டாக்டர் "நார்த்தங்காய்" என்று சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் மூன்று வெவ்வேறு காய் வந்தது. தாவரப் பெயர் என்ன என்றது ஒரு குரல். எனக்குத் தெரிந்த ஒரே தாவரப் பெயர் நார்த்தங்காய்தான். அப்படியென்றால் படம் அனுப்புங்கள் என்றார்கள். மனைவிக்குச் செய்தி அனுப்பினேன்: காய், இலை, ஊறுகாய் மூன்றையும் படம் எடுத்து உடனே அனுப்பு. இருபது நிமிடம் கழித்து வந்தது. காயும் இலையும் மாமனார் வீட்டு மரத்தில்தானே, ஆகவே நடுவில் வீட்டில் இருந்த இன்னொரு பாட்டில், பாட்டிலுக்குப் பின்னால் என் மனைவி, உடம்பில் பட்டுப் புடவை. வெளிநாட்டு டாக்டர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று உடுத்திக்கொண்டாளாம். அந்தப் படம் கோப்பில் இணைப்பாக இருக்கிறது. அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

அன்று உடனே தீர்ப்பு வரவில்லை. அக்காவுக்கு வந்த கோளாறை இப்போதைக்கு எண்ணவேண்டாம், இதயம் சரியாகட்டும், ஊறுகாய் இல்லாமல் வார்டில் வைத்தே அதே அளவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்போம், அக்கா சம்மதித்தால் மட்டும் என்றார்கள். அந்தக் கடைசி நிபந்தனைக்காக நான் அக்காவிடம் போகவேண்டியிருந்தது. டாக்டரும் கூடவே வந்தார். வேறொரு வார்டிலிருந்து தமிழ் தெரிந்த சிஸ்டர் ஒருவரையும் அழைத்து வந்தார். இனி என் மொழிபெயர்ப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும்தான்.

"நான் சொல்லிட்டேன்க்கா," என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஏன்யா சொன்ன? ஒன் வேலை போயிடும்லா!"

"ஒங்க உசுரு போயிருக்கும்க்கா."

"அது போற உசுருதானே. ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க படிச்சிக்கிட்டு இருக்குதுங்க. நீ சோறு எறங்குதான்னு பாக்க வந்தவன். ஒன்னப் போயி நான் காட்டிக் குடுப்பேனா?"

சிஸ்டர் இதை அப்படியே டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே உட்கார்ந்தார். அக்காவுக்குத் தெரிந்த சந்தை மலாயில், மெதுவாக, புரியும்படி அவரே சொன்னார். நீங்கள் மறைத்தால் இந்த மருந்து கெட்டது என்று எழுதிவிடுவோம். உங்களுக்கும் கிடைக்காது, உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்காது.

"அப்ப நான் சொன்ன பொய்யில மத்தவங்க மருந்தும் போயிருக்குமா?"

"ஆமாம்க்கா," என்றேன்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றார் என்னைப் பார்த்து. பிறகு, ஊறுகாய் இல்லாமல் மறுபடி தொடங்கலாம் என்று சம்மதித்தார்.

சொல்லியிருக்கலாம்தான். அந்தப் பக்கத்தை வாசித்த நாளில் வெள்ளைக்காரன் ஜோக் அடிக்காமல் அதைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்காரவைத்து மறுபடி பயிற்சி கொடுத்தார்கள், கடைசியில் தேர்வும் உண்டு. "பங்கேற்பாளருக்கு ஊழியர் உணவு கொடுக்கலாமா?" என்றொரு கேள்வி. அதற்குச் சரியாக விடை எழுதினேன். மற்றதில் மூன்று தப்பு.

இப்போது உங்களுக்குச் சொல்லவேண்டியது. நோயாளிக்கு உங்களைப் பிடிக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். ஆனால் பிடித்துவிட்டால் உங்களுக்காகப் பொய் சொல்வார். உங்கள் முகம் வாடக்கூடாது என்பதற்காகத் தலைசுற்றலை மறைப்பார், விட்டுப்போன மாத்திரையைச் சாப்பிட்டேன் என்பார். நம்மிடம் முறைத்துக்கொண்டிருக்கும் நோயாளி சொன்னதை எழுதிய தாளை நம்பலாம். நம்மைத் தம்பி என்று கூப்பிடுபவரின் தாளை இரண்டு தடவை பாருங்கள். சில கேள்விகளைக் கேட்க உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புங்கள். அதுவும் அன்புதான். விசில் அடிக்க முடியாது, அவ்வளவுதான்.

அக்காவின் இதயம் ஒரு வாரத்தில் சரியானது. மாத்திரையை அதே அளவில் மறுபடி தொடங்கினோம். வரைபடம் அசையவில்லை, ரத்தத்தில் அளவும் மற்றவர்களைப் போலவே நின்றது. அக்காவுக்கு வந்ததை மருந்தின் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று முடிவாயிற்று. கதவு திறந்தே இருந்தது.

வீட்டுக்குப் போனபின் முதல் பரிசோதனைக்கு அக்கா தன் கப்சாயில் பஸ் நிலையம் வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சாப்பாட்டுக் கேள்விகளைக் கேட்க அந்தச் சிஸ்டரையே ஏற்பாடு செய்திருந்தேன். யாரிடமும் சிரிக்காத அம்மா அவர். நான் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது.

"என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க," என்றார் சிஸ்டர்.

"திங்கக்கெழம காலைல தோச. ரெண்டு. தேங்கா சட்னி, அது பக்கத்து வீட்டு லெட்சுமி குடுத்தது. எழுதுங்க, லெட்சுமி. மத்தியானம் சோறு, கெளுத்தி மீன் கொழம்பு. புளி எவ்ளோன்னு எழுதணுமா? இவ்ளோ."

இப்படியே ஒரு மணி நேரம். நாலு தாள் தீர்ந்து, சிஸ்டர் ஐந்தாவதை எடுத்தார். புதன், வியாழன், கோயில் பிரசாதம், மருமகன் வாங்கி வந்த ரொட்டி, அதில் தடவியது என்ன, தடவாதது என்ன. ஞாயிறு வரை வந்து அக்கா மூச்சு விட்டார்.

"அவ்ளோதானே?" என்றார் சிஸ்டர்.

"இருங்க. இன்னிக்கு இன்னும் இருக்கு." அக்கா கழுத்தைத் திருப்பி, கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். "இப்ப வெளிய ஒக்காந்திருந்தப்ப, இந்தத் தம்பி எனக்கு ஒரு மிட்டாய் நீட்டுச்சு. நான் வாங்கல. அதையும் எழுதுங்க."